பெருங்கண்ணி

ஆனி மாதம். பாலியாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.
சோளகம் மருதமர உச்சிகளை
ஒரே பக்கமாய்ச் சீவி விட்டிருந்தது.
பதினேழாம் ஒழுங்கை, ஒரு மீற்றர் அகலம்.
சிவப்புத் தலைத் தடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் இன்னும் யாருடையதென்று தெரியாத நிலம்.

முழந்தாளில் இருந்து
முகமூடிக் கண்ணாடியில் என் மூச்சு படிவதைப் பார்த்தபடி
டிடெக்டரை வலமிருந்து இடம் அசைக்கிறேன்.
ஒரு கல் என்னைப் பார்த்தது.

கல்லுக்குக் கண் மஞ்சள்.
முதலில் அவ்வளவுதான் தெரிந்தது.
பிறகு கண்ணருகே வெள்ளைக் கோடு,
வெள்ளையை ஒட்டிக் கரிக்கோடு,
மேல்நோக்கி வளைந்த, கொஞ்சம் அதிகமாகவே தடித்த அலகு.
எல்லாம் சேர்ந்து எழும்பி
நான்கு எட்டு நடந்து நின்றபோது
இருந்த இடத்தில் இரண்டு முட்டை.
கூடென்று சொல்ல ஒரு துரும்பும் இல்லை.

விசிலடித்தேன். வேலை நின்றது.
இடைவேளைக்கு இன்னும் அரைமணி இருந்ததால்
எல்லோருக்கும் சந்தோஷம்.

"ஆக்காட்டி" என்றாள் சுகிர்தமலர்.
ஆக்காட்டி என்றால் இந்நேரம் ஊரைக் கூட்டியிருக்கும்.
இது வாயே திறக்கவில்லை.
"உள்ளான்" என்றார் பவுசர் ஓட்டுகிற அருமைராசா.
உள்ளான் ஒரு கைக்குள் அடங்கும்;
இது பேட்டுக்கோழி அளவு.
"அப்ப நாரைக் குஞ்சு."
குஞ்சு முட்டை போடுமோ என்று கேட்டோம்,
அவரே முதலில் சிரித்தார்.
அந்தோனியா மட்டும் காலைப் பார்த்தாள்.
"முழங்கால் வீங்கிக் கிடக்கு, பாருங்கோ.
அண்ணன் பின்னேரம் காலைக் கழற்றி வைக்கேக்க
அவருக்கும் மிச்சக்காலில இப்பிடித்தான்."

படிவத்தில் ஒரு பெட்டி உண்டு:
வேலை நிறுத்தப்பட்ட காரணம்.
மழை, நோய், விபத்து, வேறு.
'வேறு'க்குப் பக்கத்தில் இரண்டு விரல் இடம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கண்.
பெருங்கண்ணி என்று எழுதினேன்.
வாசித்துப் பார்த்தேன், அழகாய்த்தான் இருந்தது.
அதே வாயால் வோக்கியிலும் சொன்னேன்:
"பதினேழில பெருங்கண்ணி ஒண்டு."

அரை நிமிடம் இரைச்சல் மட்டும்.
பிறகு கேதீசன், நான் கேட்டிராத உயரத்தில்:
"எல்லாரும் வந்த தடத்தாலயே வெளியால வாங்கோ!
எவ்வளவு பெருசு? வாகனத்துக்கு வைச்சதோ?
நீ கை வைச்சனியோ?"
"இல்லை சேர். அது முட்டையில இருக்குது."

இப்போதும் முகாமில் சோற்றுக்கு நிற்கையில்
பின்னாலிருந்து யாராவது கேட்பார்கள்,
முட்டையில இருக்குதோ என்று.

கேதீசன் ஏசிவிட்டுப் பதினேழை மூடினார்.
பதினாறிலும் பதினெட்டிலும் நாங்கள் முன்னேற
நடுவில் அது
கழுத்தை மணலோடு நீட்டி வைத்துப் படுத்தது.
ஒன்று போக மற்றது வந்து படுத்தது.
எது ஆண் எது பெண் என்று
கடைசிவரை எங்களுக்குப் பிடிபடவில்லை.
நாளுக்கு நான்கு மீற்றர், ஐந்து மீற்றர்.
நாங்கள் அதற்குப் பெரிய கற்களாய்த் தெரிந்திருப்போம்,
நீலக் கவசம் போட்ட, மெல்ல நகர்கிற கற்கள்.

குஞ்சுகள் தண்ணீர்க் குட்டைப் பக்கம் போன மறுநாள்
பதினேழைத் திறந்தோம்.
முட்டை கிடந்த பள்ளத்திலிருந்து ஒரு சாண்,
ஆற்றுப் பக்கமாய், டிடெக்டர் கத்தியது.
கரண்டியால் பக்கவாட்டில் சுரண்டினேன்.
பச்சை. மீன்ரின் அளவு.
எந்த மாரி வெள்ளத்திலோ கொஞ்சம் சாய்ந்திருந்தது.
இதன் பெயர் தெரியும். இலக்கம் தெரியும்.
எத்தனை கிலோ ஏறினால் விழிக்கும் என்பதும் தெரியும்.
படிவத்தில் இதற்கென்றே பெட்டி இருக்கிறது.

பறவை எத்தனை கிலோ என்று
யாரும் கேட்கவில்லை. நான்தான் அன்று முழுக்க
மனதுக்குள் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

இரவு, ஆற்றுப் பக்கம் ஏதோ ஒன்று
விட்டு விட்டுக் கத்தியது,
ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே ஏறி.
அந்தோனியா பாயில் எழும்பி இருந்தாள்.
"அதுதானோடி?"
கண்ணைக் காணாமல் குரலை மட்டும் வைத்துச் சொல்ல
எனக்கு இன்னும் வரவில்லை.
"தெரியேல்லை" என்றேன்.
இரண்டு பேரும் அடுத்த கத்தலுக்குக் காத்திருந்தோம்.